குவாரி அவர் பெயரில், பங்கு யார் பெயரில்?

கேள்வி: என் கணவரும் அவருடைய அத்தை மகனும் இன்னொரு நண்பரும் சேர்ந்து 2019-ல் கரூர் மாவட்டத்தில் கல் குவாரியும் க்ரஷரும் ஆரம்பித்தார்கள். நிலம் அத்தை மகனுடையது. குவாரிக் குத்தகையும் அவர் பெயரில்தான். மூன்று பேருக்கும் சம பங்கு என்று 100 ரூபாய் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஆனால் பதிவு செய்யவில்லை. நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காட்டை விற்று, என் நகையையும் அடகு வைத்து என் கணவர் 38 லட்சம் போட்டார். பணம் பேங்க் வழியாகத்தான் போனது. க்ரஷர் மெஷின், ஜெனரேட்டர், ஒரு ஹிட்டாச்சி எல்லாம் ஃபர்ம் பெயரில் வாங்கியது. க்ரஷரின் மின் இணைப்பும் ஃபர்ம் பெயரில்தான்.

மாரடைப்பில் அவர் போய் இரண்டு வருடம் ஐந்து மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு எனக்குக் கணக்கே காட்டவில்லை. பழைய குத்தகை முடிந்து புதுக் குத்தகையும் அண்ணன் (அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) தன் பெயரில் வாங்கிவிட்டார். கேட்டால், ‘குத்தகை என் பேர்ல, நிலம் என்னுது, உனக்கு இதுல என்ன பாத்தியம் இருக்கு?’ என்கிறார். 12 லட்சம் தருகிறேன், பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு என்கிறார். நண்பரோ, கம்பெனியாக மாற்றி உங்களுக்கு ஷேர் தருகிறோம், பொறுத்திருங்கள் என்கிறார். போலீசில் மோசடிப் புகார் கொடு என்கிறான் என் தம்பி. மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகனுக்கு 15 வயது. மாமியார் எங்களோடு இருக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் ஒப்பந்தத்தில் பங்குதாரர் ஒருவர் இறந்தால் என்ன ஆகும் என்று எதுவும் எழுதியிருக்கவில்லை என்றால், 1932-ம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 42-வது பிரிவுப்படி, உங்கள் கணவர் இறந்த அன்றே அந்த ஃபர்ம் கலைந்துவிட்டது. கலைந்த ஃபர்மில் கணக்குக் கேட்டு வழக்குப் போட காலவரையறைச் சட்டம் கொடுப்பது மூன்றே வருடம். கலைந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். உங்களுக்கு மிச்சம் இருப்பது ஏழு மாதம். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவதாலோ, ‘ஆடி போகட்டும், பேசிக்கலாம்’ என்று உங்கள் அண்ணன் சொல்வதாலோ இந்தக் கெடு ஒரு நாள்கூட நீளாது. ‘கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது’ என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மட்டும் அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஓடும். தரமாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஒன்றிரண்டு மாதத்துக்குள் வக்கீல் நோட்டீஸ் போயிருக்க வேண்டும்.

ஃபர்மைப் பதிவு செய்யாததால் வழக்கே போட முடியாது என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம். பாதி உண்மை அது. பதிவில்லாத ஃபர்மின் பங்குதாரர் ஒப்பந்த உரிமையைக் கேட்டு வழக்காட முடியாது என்று 69-வது பிரிவு சொல்கிறது. அதே பிரிவு, ஃபர்மைக் கலைக்கவும், கலைந்த ஃபர்மின் கணக்கைக் கேட்கவும், அதன் சொத்தை மீட்கவும் தடையில்லை என்றும் சொல்கிறது. நீங்கள் கேட்கப்போவது அதைத்தான்.

இனி ‘உனக்கு என்ன பாத்தியம்’ என்ற கேள்விக்கு வருவோம். உங்கள் அண்ணன் சொல்வதில் ஒரு பகுதி சரி, அதை மறுத்துக்கொண்டிருந்தால் வழக்கு கெட்டுப்போகும். குவாரிக் குத்தகை என்பது அரசு ஒருவருக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கும் அனுமதி. கலெக்டரின் உத்தரவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் குத்தகைதாரர். சுற்றுச்சூழல் அனுமதியும் அவர் பெயரில்தான் இருக்கும். முன் அனுமதி வாங்காமல் இன்னொருவருக்கு மாற்றியோ உள்குத்தகையாகவோ கொடுக்கக் கூடாது என்பது குத்தகை உடன்படிக்கையின் நிபந்தனை. அதனால் ‘குத்தகையில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது’ என்று நீங்கள் வழக்குப் போட்டால், எதிர்த் தரப்பு வக்கீல் மகிழ்ச்சியோடு எழுந்து, ‘அப்படியானால் இந்த ஒப்பந்தமே சட்ட விரோதம், இதை வைத்து எதையும் கேட்க முடியாது’ என்பார்.

இது வெறும் மிரட்டல் இல்லை. குஜு காலியரிஸ் எதிர் ஜார்கண்ட் மைன்ஸ் வழக்கில் 1974-ல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. சுரங்க விதிகளுக்கு மாறாக எழுதிய குத்தகைக்குப் பணம் கொடுத்த கம்பெனி, ‘ஒப்பந்தம் செல்லாதென்றால் பணத்தையாவது திருப்பிக் கொடு’ என்று கேட்டது. செல்லாத ஒப்பந்தத்தில் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 65-வது பிரிவு சொல்கிறதுதான். ஆனால் சுரங்கத் தொழிலிலேயே இருப்பவர்களுக்குச் சட்டம் தெரியாது என்று சொல்ல முடியாது, தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தெரிந்திருக்க வேண்டிய ஒப்பந்தத்துக்கு அந்தப் பிரிவு உதவாது என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. பணம் போனது போனதுதான்.

அதனால்தான் நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலை வரி வரியாகப் படித்தேன். இரண்டு வரிகள் முக்கியமானவை. ஓரிடத்தில் ‘மேற்படி குவாரியில் மூவருக்கும் சம பாத்தியம் உண்டு’ என்று இருக்கிறது. அடுத்த பக்கத்தில் ‘மூவரும் கூட்டாகக் கல் உடைத்து ஜல்லி, எம்-சாண்ட் விற்கும் தொழிலில் வரும் லாப நஷ்டத்தை மூவரும் சமமாக அடைய வேண்டியது’ என்று இருக்கிறது. உங்கள் வழக்கு இரண்டாவது வரியின் மேல்தான் நிற்க வேண்டும். முதல் வரியை நோட்டீசில்கூடத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். குத்தகை அவருடையது, நிலம் அவருடையது, அதில் எங்களுக்குத் தகராறில்லை. ஆனால் க்ரஷர் ஃபர்முடையது, ஹிட்டாச்சி ஃபர்முடையது, பேங்க் இருப்பும் வெளியே வரவேண்டிய பாக்கியும் ஃபர்முடையவை, அந்த ஃபர்மில் மூன்றில் ஒரு பங்கு எங்களுடையது. இப்படித்தான் உங்கள் நோட்டீசின் முதல் பத்தி இருக்க வேண்டும். நோட்டீசில் எழுதியதைப் பிறகு பிராதில் (வழக்கு மனுவில்) மாற்றினால் எதிர்த் தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

‘பதிவு செய்யாத பத்திரத்தில் எப்படிச் சொத்து கேட்கிறாய்?’ என்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. 1966-ல் அத்தங்கி நாராயணப்பா எதிர் பாஸ்கர கிருஷ்ணப்பா வழக்கில், இரண்டு குடும்பங்கள் கூட்டாக நடத்திய அரிசி மில் விவகாரத்தில், உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஃபர்மிடம் நிலமும் கட்டடமும் இருந்தாலும், தனிப் பங்குதாரரின் பங்கு என்பது லாபத்தில் பங்கும், கலைந்த பிறகு கடன் போக மிஞ்சுவதில் பங்கும்தான். அது அசையும் சொத்து. ஆகவே அதற்குப் பத்திரப் பதிவு அவசியமில்லை. இந்தத் தீர்ப்பு உங்களுக்குக் கொடுப்பதும் உண்டு, எடுப்பதும் உண்டு. பதிவில்லை என்ற வாதம் இதனால் அடிபடுகிறது. அதே சமயம் ‘க்ரஷரில் மூன்றில் ஒரு பாகத்தைப் பிரித்துக் கொடு’ என்று நீங்கள் கேட்க முடியாது. எல்லாவற்றையும் மதிப்புப் போட்டு, முதலில் வெளிக்கடன், பிறகு பங்குதாரர் கொடுத்த கைமாற்று, பிறகு அவரவர் போட்ட முதல், அதற்கும் மேல் மிஞ்சினால் மூன்றாகப் பங்கு. இதுதான் கூட்டாண்மைச் சட்டத்தின் 48-வது பிரிவு சொல்லும் வரிசை.

இப்போது அந்த 12 லட்சத்தைப் பாருங்கள். உங்கள் கணவர் போட்ட முதலே 38 லட்சம். ஃபர்முக்கு மெஷின் கடன் பாக்கி எவ்வளவு, உங்கள் கணவர் அவ்வப்போது எடுத்த பணம் எவ்வளவு என்று தெரியாமல் இது அதிகமா குறைவா என்று நான் சொல்ல மாட்டேன். அது தெரியாமல் நீங்களும் கையெழுத்துப் போடக் கூடாது. கணக்கைக் காட்டாமல் தொகையை மட்டும் சொல்பவரிடம், ‘கணக்கை முதலில் கொடுங்கள்’ என்பதைத் தவிர வேறு பதில் வேண்டாம்.

உங்கள் கணவர் இறந்த பிறகு ஓடிய இரண்டரை வருட லாபத்தைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கணக்குத் தீர்க்காமல் மற்றவர்கள் ஃபர்மின் சொத்தை வைத்துத் தொழிலைத் தொடர்ந்தால், இறந்தவரின் வாரிசுகளுக்கு 37-வது பிரிவு ஒரு தேர்வைக் கொடுக்கிறது: அந்தப் பங்கை வைத்து வந்த லாபத்தில் பாகம், அல்லது பங்கின் மதிப்புக்கு வருடம் 6 சதவீத வட்டி. எது அதிகமோ அதை நீங்கள் தேர்ந்துகொள்ளலாம். குவாரி நன்றாக ஓடியிருந்தால் லாபம்தான் அதிகமாக இருக்கும்.

புதுக் குத்தகை கொஞ்சம் சிக்கலானது. ஃபர்மின் கணக்கு முழுவதும் தீரும் முன் உயிரோடிருக்கும் பங்குதாரர் ஃபர்மின் தொடர்பையோ சொத்தையோ பயன்படுத்தித் தனக்கென்று சம்பாதித்தால், அதை ஃபர்முக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 16, 50 ஆகிய பிரிவுகள் சேர்ந்து சொல்கின்றன. ஃபர்மின் பணத்தில் போட்ட பாதை, ஃபர்மின் மெஷின், ஃபர்ம் பிடித்து வைத்த வாடிக்கை, இவற்றை வைத்துத்தான் புதுக் குத்தகை ஓடுகிறது என்று வாதாடலாம். ஆனால் நிலம் அவருடைய சொந்தப் பட்டா என்பதால், ‘என் நிலத்துக்கு நான் குத்தகை வாங்கினேன்’ என்ற அவர் பதிலுக்கும் எடை இருக்கிறது. இதை முழுசாக ஜெயிப்போம் என்று எண்ணி மற்றதைக் கோட்டை விட வேண்டாம். பேரம் பேசும்போது கையில் இருக்கட்டும்.

கணக்கு அவர் கையில் இருக்கும்போது நிரூபிப்பது எப்படி என்று கேட்பீர்கள். குவாரித் தொழிலில் ஒரு வசதி, நோட்டுப் புத்தகத்தை மறைத்தாலும் தடயங்கள் பல இடங்களில் கிடக்கும். மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கலெக்டர் உத்தரவு, குத்தகை உடன்படிக்கை, சுரங்கத் திட்டம், 2019 முதல் மாதவாரியாகக் கொடுத்த பர்மிட் எத்தனை கன மீட்டருக்கு, கட்டிய சீனியரேஜ் (எடுத்த கல்லுக்கு அரசுக்குக் கட்டும் கட்டணம்) எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்திலேயே கிடைக்கும். வருடத்துக்கு எவ்வளவு கல் எடுக்க அனுமதி என்பது அதில் இருக்கும்.

க்ரஷரின் மின்கட்டண ரசீதுகளை விட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. மின் இணைப்பு ஃபர்ம் பெயரில் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. உங்கள் கணவர் கணக்குப் பார்த்த காலத்தில் மாதம் எத்தனை யூனிட் கரண்ட் ஓடியது, எத்தனை லோடு ஜல்லி விற்றது என்பது அவருடைய டைரியில் இருக்கும். அந்த விகிதத்தை வைத்து, அதற்குப் பிறகு ஓடிய கரண்டுக்கு எவ்வளவு ஜல்லி உடைந்திருக்கும் என்று ஆடிட்டர் ஒருவர் கணக்குப் போட்டுவிடுவார். எடைமேடைச் சீட்டு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், வெடிமருந்து வாங்கிய பில் எல்லாம் இதற்குத் துணை. அந்த டைரியை ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள்.

கடைசி அளவுகோல் குழியே. நீதிமன்றத்தில் கேட்டால் வக்கீல் கமிஷனரை நியமித்து, சர்வேயரோடு போய் அளக்கச் சொல்வார்கள். 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம் என்றால் 24,000 கன மீட்டர். கருங்கல் கன மீட்டருக்கு 2.6 டன்னுக்குக் குறையாது என்று வைத்தால் 62,000 டன்னுக்கு மேல். மேல்மண்ணையும் கழிவையும் கழிக்க வேண்டும். பாறையாக இருந்தது ஜல்லியாகும்போது இடைவெளி விழுந்து கன அளவு கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. அதனால் குழியின் கன மீட்டரையும் விற்ற ஜல்லியின் கன அளவையும் நேராக ஒப்பிடாமல் இரண்டையும் டன்னாக்கி ஒப்பிட வேண்டும்.

ஆனால் குழியை அளக்கக் கேட்கும் முன் நன்றாக யோசியுங்கள். பர்மிட்டில் இருப்பதைவிட அதிகமாகக் கல் எடுத்தது தெரியவந்தால், கனிமச் சட்டத்தின் 21(5) பிரிவில் அந்தக் கல்லின் விலையையே அரசு வசூலிக்கலாம். ஒடிசா சுரங்கங்கள் பற்றிய காமன் காஸ் வழக்கில் 2017 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் அப்படி முழு விலையையும் கட்டச் சொன்னது. ‘நாங்களும் பங்குதாரர்’ என்று நீங்கள் சொல்லும்போது, பங்குதாரரின் பொறுப்பும் கூடவே வருகிறது. ஃபர்ம் செய்த காரியத்துக்கு அந்தச் சமயத்தில் பங்குதாரராக இருந்த ஒவ்வொருவரும் பொறுப்பு. உங்கள் கணவர் இறந்த பிறகு அவர்கள் செய்ததற்கு அவருடைய சொத்து பொறுப்பாகாது என்று கூட்டாண்மைச் சட்டத்தின் 45-வது பிரிவு பாதுகாக்கிறது. அவர் உயிரோடிருந்த காலத்தில் அளவு மீறியிருந்தால் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு உங்களுக்கும் தொல்லை வரலாம். ஆகவே முதலில் பர்மிட் கணக்கை வாங்கி, அவர் காலத்துக் கணக்கு சுத்தமாக இருக்கிறதா என்று டைரியோடு ஒத்துப் பாருங்கள். சுத்தம் என்றால் தைரியமாக அளக்கச் சொல்லலாம். இல்லையென்றால் மின்கட்டண ரசீதோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

கம்பெனி யோசனையை ஏற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ராஜஸ்தான் நாகௌர் மாவட்டத்தில் கோட்டன் லைம்ஸ்டோன் என்ற கூட்டாண்மை ஃபர்ம், தன் சுண்ணாம்புக்கல் குத்தகையை அனுமதி வாங்கித் தன் கம்பெனி பெயருக்கு மாற்றியது. பிறகு அந்தக் கம்பெனியின் பங்குகள் அனைத்தையும் 160 கோடி ரூபாய்க்கு அல்ட்ராடெக் சிமெண்டுக்கு விற்றது. பங்குதான் கைமாறியது, குத்தகை இல்லை என்ற வாதத்தை 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. திரையை விலக்கிப் பார்த்தால் இது குத்தகையையே அனுமதியின்றி விற்றதுதான் என்றது. உங்கள் விஷயத்தில் அரசு அனுமதியோடு எல்லாம் முறையாக நடந்தாலும், அவர்கள் இருவர், நீங்கள் ஒருவர். டிவிடெண்ட் அறிவிப்பது அவர்கள் கையில். இன்று கணக்குக் காட்டாதவர்கள் நாளை கம்பெனியில் காட்டுவார்கள் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. போகிற போக்கில் ஏழு மாதமும் கரைந்துவிடும்.

தம்பியின் கோபம் புரிகிறது. ஆனால் கூட்டுச் சொத்தைத் தன் உபயோகத்துக்கு எடுத்த பங்குதாரர்மேல் நம்பிக்கை மோசடிக் குற்றம் சாதாரணமாக நிற்காது என்று வேல்ஜி ராகவ்ஜி படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1965-லேயே சொல்லிவிட்டது. சிவில் விவகாரம் என்று ஸ்டேஷனில் மூடிவிடுவார்கள், புகாரை மூடிய அந்தக் காகிதத்தையே எதிர்த் தரப்பு உங்களுக்கு எதிராகக் காட்டும். இறந்த பிறகு உங்கள் கணவரின் கையெழுத்தைப் போட்டு பேங்கில் பணம் எடுத்திருந்தால் மட்டும் விஷயம் வேறு. பேங்க் ஸ்டேட்மெண்ட் வாங்கி அதை மட்டும் பாருங்கள்.

நோட்டீசுக்குப் பிறகு, தகராறின் மதிப்பு 3 லட்சத்துக்கு மேல் என்பதால் இது வணிக வழக்காகப் போகும். அவசரத் தடை கேட்காத வணிக வழக்குக்கு முன்னால் சட்டப் பணிகள் ஆணையத்தின் சமரச மையத்துக்குப் போவது கட்டாயம். அங்கே செலவாகும் காலம் கெடுவில் சேராது. மெஷினை விற்க முயல்கிறார்கள் என்று தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். கூட்டாண்மைச் சட்டத்தின் 53-வது பிரிவின்படி, கணக்குத் தீரும்வரை ஃபர்ம் சொத்தைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தத் தடை கேட்டு நேராக நீதிமன்றம் போகலாம்.

சமரசத்தில் முடிந்தால் நல்லது. மனசறிந்து சொல்கிறேன், உறவு மிஞ்சுவதும் அதில்தான். ஆனால் தவணையாகத் தருகிறேன் என்றால் வெறும் செக்கை நம்பாமல் அவருடைய ஏதாவது ஒரு சொத்தை அடமானமாகப் பதிவு செய்து வாங்குங்கள். வழக்குப் போட்ட பிறகு லோக் அதாலத்தில் முடித்தால் அது தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. மகன் மைனர் என்பதால், வழக்கில் அவன் சார்பாக நீங்கள் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி தேவை. அதையும் வாங்கிவிட வேண்டும்.

உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, மகன், மகள் நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள். உங்கள் கணவரின் பங்கில் நான்கில் ஒன்று அவருடையது. அவர் சேராத வழக்கு முழு வழக்காகாது. தாசில்தாரிடம் வாங்கும் வாரிசுச் சான்றிதழில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். குத்தகைதாரருக்கு அவர் அத்தை முறை, சிறு வயதிலிருந்து கையில் வளர்ந்த பிள்ளை என்ற பாசமும் இருக்கும். ‘அத்தை, பேங்க் வேலைக்கு ஒரு கையெழுத்து’ என்று கேட்டால் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்த ஒரு கையெழுத்தில் நாலில் ஒரு பாகம் போய்விடும், உங்கள் குடும்பமே இரண்டு தரப்பாகப் பிரிந்து நிற்கும். வக்கீலைப் பார்க்கும் முன்பே அவரோடு உட்கார்ந்து முழு விஷயத்தையும் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாமல் எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் வக்கீல் ஆபீசுக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.